சுடலைமுத்து எங்கே போனார்? தாத்தா பெயர்கள் குறைந்த கதை

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேச்சு எப்படியோ பெயர்களில் வந்து நின்றுவிடும். “இப்பல்லாம் யாருவே சுடலைமுத்துன்னு பேரு வைக்கா? பூரா ஷ்ஷு, புஷ்ஷுன்னுதான் வைக்கானுவ” என்று ஒரு அண்ணாச்சி தொடங்கிவைப்பார். காரணமும் அவரிடமே இருக்கும். சினிமா கெடுத்துவிட்டது, இங்கிலீஷ் மீடியம் கெடுத்துவிட்டது, சாமி பயம் போய்விட்டது, தாத்தா பெயரைச் சொல்லப் பிள்ளைகளுக்கு வெட்கம். அதற்குள் இலை போட்டுவிடுவார்கள், பேச்சும் அத்தோடு நின்றுவிடும்.

இந்தக் காரணங்களில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எதை எடுத்தாலும் பாதியில் இடிக்கிறது. சாமி பயம் போய்விட்டது என்றால், சுடலைமாடசாமி கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்களே, அவர்கள் யார்? சினிமாதான் காரணம் என்றால், தமிழ்ப் பேசும்படம் வந்தது 1931இல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வீட்டுக்கு வீடு சுடலைமுத்துகள் பிறந்துகொண்டுதானே இருந்தார்கள்?

பெயர்கள் பெருகுவதற்கும் குறைவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் இசக்கிமுத்துவும் பேச்சிமுத்துவும் சொரிமுத்துவும் என்ன ஆனார்கள் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

## யார் இந்தச் சுடலை?

சுடலை என்றால் பிணம் சுடும் இடம், மயானம். அந்த இடத்துக்குக் காவல் தெய்வம் சுடலைமாடன். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் கேரளத்தின் தென்கோடியிலும் இந்தச் சாமிக்குக் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு. (தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டம் ஆயின. இந்தக் கட்டுரையில் திருநெல்வேலிச் சீமை என்று சொல்வது இவை எல்லாம் ஒன்றாக இருந்த பழைய பரப்பை.) சிற்றாறு தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரியில் இருக்கும் சுடலை பேர்பெற்றவர். ஆறுமுகமங்கலம், சிறுமளஞ்சி கோயில்களுக்கும் வெளியூர்க் கூட்டம் வரும்.

கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடும் கதை இது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கைலாயத்தில் பார்வதி பிள்ளை வரம் கேட்கிறாள். விளக்கின் சுடரிலிருந்து தெறித்த பொறியை முந்தானையில் ஏந்துகிறாள், அது பிள்ளையாகிறது. அந்தப் பிள்ளை ராத்திரியில் எழுந்து மயானத்துக்குப் போய்ப் பிணம் தின்றுவிடுகிறது. இனி இது கைலாயத்துக்கு ஆகாது என்று சிவன் வரம் கொடுத்துப் பூலோகத்துக்கு அனுப்புகிறார். கொடை நாளில் நடுராத்திரிக்கு மேல் சல்லடமும் குல்லாயும் போட்ட சாமியாடி, வல்லயம் என்ற ஈட்டியையும் தீப்பந்தத்தையும் ஏந்தி மயானத்துக்கு வேட்டைக்குப் போகிறாரே, அதற்கு இந்தக் கதைதான் அடிப்படை. கூட்டத்தில் எவ்வளவு பெரிய ஆபீசர் இருந்தாலும் அந்த நேரத்தில் ஒதுங்கி வழிவிட்டுத்தான் நிற்பார்.

சிலர் நினைப்பதுபோல இது ஏதோ ஒரு சாதியின் சாமி இல்லை. நாடார், மறவர், கோனார், தேவேந்திரகுல வேளாளர் என்று பல சமூகத்தாருக்கு இவர் குலதெய்வம். அதனால் சுடலைமுத்து என்ற பெயரை வைத்து ஆளின் சாதியைச் சொல்ல முடியாது. ஆளின் ஊர்ப்பக்கத்தைச் சொல்லிவிடலாம். கோயம்புத்தூரில் ஒரு சுடலைமுத்துவைப் பார்த்தால், “நீங்க திருநெல்வேலியா, தூத்துக்குடியா?” என்று தயங்காமல் கேட்கலாம்.

பெயரின் அடுத்த பாதி முத்து. பிள்ளையைச் செல்லமாகச் சொல்லும் சொல். கொற்கையில் முத்துக் குளித்த சீமைக்கு அது தூரத்துச் சொல் இல்லை. சாமி பெயரோடு முத்துவைச் சேர்த்தால் ஆண்பிள்ளைக்குப் பெயர் தயார். இசக்கியம்மனுக்கு இசக்கிமுத்து, பேச்சியம்மனுக்குப் பேச்சிமுத்து, காரையாறு சொரிமுத்து அய்யனாருக்குச் சொரிமுத்து. முத்து வேண்டாதவர்கள் சுடலையாண்டி, சுடலைமணி, சுடலைக்கண்ணு என்று வைத்தார்கள். பேசும்போது எல்லாமே ‘சொடல’தான்.

இந்த இடத்தில் ஒன்று. மயானத்தின் பெயர் என்பதால்தான் படித்தவர்கள் ஒதுக்கினார்கள் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. சம்பந்தரின் முதல் தேவாரப் பதிகத்திலேயே சிவன் ‘காடுடைய சுடலைப்பொடி பூசி’தான் வருகிறார். அந்தப் பாட்டு தெரிந்த வீட்டில் சுடலை அமங்கலச் சொல்லாக இருந்திருக்க முடியாது.

## குளத்தில் இருப்பதும் கால்வாயில் வருவதும்

பெயர்களைப் பற்றிய பேச்சில் வரும் குழப்பத்தில் பெரும்பாதி ஒரே இடத்தில் தொடங்குகிறது. இரண்டு வேறு கணக்குகளை ஒன்றாகப் போட்டுக்கொள்கிறோம்.

திருநெல்வேலி டவுன் பக்கம் நயினார்குளம் இருக்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. கால்வாயை அடைத்த மறுநாள் குளத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ததும்பிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் ஆன பிறகுதான் கரையோரச் சேறு தெரியும். குளம் வற்றிவிட்டதே என்று நாம் சொல்லும் நாளில், கால்வாய் அடைபட்டு எவ்வளவோ நாளாகியிருக்கும்.

பெயருக்கும் இப்படி இரண்டு கணக்கு உண்டு. இன்று உயிரோடிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் என்பது இருப்பு. இந்த வருஷம் பிறந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது வரவு. வாக்காளர் பட்டியலைப் புரட்டிவிட்டு “எத்தனை சுடலை இருக்கான் பாருங்க, பேரு எங்க போச்சு?” என்று கேட்பவர் இருப்பைப் பார்க்கிறார். எல்.கே.ஜி. வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு “ஒருத்தன்கூட இல்லையே” என்பவர் வரவைப் பார்க்கிறார். இருவர் சொல்வதும் சரிதான், ஒரே நேரத்தில்.

வாக்காளர் பட்டியலில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எப்போதுமே ஒரு தலைமுறை பின்தங்கிய செய்தியைத்தான் சொல்லும். ஆகவே சுடலைமுத்து ‘திடீரென்று’ காணாமல்போனதாகத் தோன்றுவது, அந்தப் பெயர்கொண்ட தாத்தாக்கள் ஒவ்வொருவராகக் காலமாகும் இந்தக் காலத்தில்தான். வரவு நின்றது அதற்கு வெகுகாலம் முன்பே. அது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

## பெயரைத் தேர்ந்தெடுக்காத காலம்

இன்றைக்குப் பெயர் வைப்பது என்றால் செல்போனில் தேடுவது, பட்டியல் போடுவது, எண்ணைக் கூட்டிப் பார்ப்பது, சண்டை போடுவது. பழைய முறையில் இந்த வேலையே கிடையாது. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் இருக்கும். தலைச்சன் ஆண்பிள்ளை என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர். அடுத்த ஆண்பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். பெண்பிள்ளைகளுக்கு இரண்டு ஆச்சிகளின் பெயர். அதற்குப் பிறகு பிறப்பவர்களுக்குத்தான் அப்பா அம்மாவின் விருப்பம், அல்லது நேர்ச்சை. பிள்ளை தங்கவில்லை, இந்தத் தடவை தங்கினால் உன் பெயரை வைக்கிறேன் என்று சாமியிடம் சொல்லிக்கொள்வது நேர்ச்சை.

இந்த இரண்டு வழிகளும், அதாவது தாத்தாவும் நேர்ச்சையும், கைகோத்துக்கொண்டன. முதலில் ஒருவர் நேர்ச்சையால் சுடலைமுத்து ஆகியிருப்பார். அதற்குப் பிறகு நேர்ச்சையே தேவையில்லை. அவர் தாத்தாவானதும் பேரன்மாருக்கு அந்தப் பெயர் தானாக வந்துவிடும்.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுடலைமுத்துவுக்கு மூன்று மகன்கள். மூவரும் தங்கள் மூத்த பையனுக்கு அப்பா பெயரை வைப்பார்கள். இப்போது ஒரே தெருவில் மூன்று சின்னச் சுடலைமுத்துகள், ஒரு பெரியவர். கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள். அதனால்தான் நெட்டைச் சுடலை, கடைக்காரச் சுடலை, வடக்குவீட்டுச் சுடலை என்று ஊரில் அடைமொழி வைத்துக் கூப்பிட்டார்கள். பெயர் ஆளைப் பிரித்துக் காட்டத்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அந்த முறையில் பெயரின் வேலை ஆளைத் தாத்தாவோடு சேர்ப்பது. பிரித்துக் காட்டும் வேலையைப் பட்டப்பெயர் பார்த்துக்கொண்டது.

அதற்காக எல்லோரும் விரும்பிய பெயரை வைத்துக்கொண்டு சுகமாக இருந்தார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. நெல்லைக்குத் தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில் 1809இல் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியில் இப்படி ஒரு பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் அதை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று என்று அய்யாவழி மரபு சொல்கிறது. நெல்லையப்பன், காந்திமதிநாதன், சங்கரலிங்கம், குற்றாலிங்கம் என்று பெரிய கோயில் சாமிகளின் பெயர்கள் ஒருபக்கம், சுடலை, இசக்கி, மாடசாமி என்று ஊர்ச்சாமிப் பெயர்கள் ஒருபக்கம் என்று பிரிந்து கிடந்ததில் பக்தியோடு அதிகாரமும் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சுடலைமுத்து என்பது குலதெய்வத்தின் பெயரோடு செல்லச் சொல் சேர்ந்தது. அதைப் பரப்பியது விருப்பம் இல்லை, விதி. பேரனுக்குத் தாத்தா பெயர் என்ற விதி இருக்கும்வரை அந்தப் பெயருக்கு ஏற்றமும் இறக்கமும் கிடையாது. அது தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டே வரும்.

## ஒரு பிள்ளை, இரண்டு தாத்தா

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். அந்த விதியை யாரும் கூடிப் பேசி ரத்துசெய்யவில்லை. விதி வேலைசெய்யத் தேவையான ஒன்று குறைந்துபோனது, அது பிள்ளைகளின் எண்ணிக்கை.

அறுபது வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் நான்கைந்து பிள்ளைகள் என்பது சாதாரணம். தாத்தாக்கள் இருவர், ஆச்சிகள் இருவர், நான்கு பேருக்கும் இடம் இருந்தது. மிச்சம் ஒரு பிள்ளைக்கு அம்மாவின் ஆசைப்படி ஒரு புதுப்பெயர் வைத்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். இதில் பாதி பெண்பிள்ளைகள். சுருக்கமாகச் சொன்னால் பல வீடுகளில் ஒரே ஒரு பையன், அல்லது பையனே இல்லை.

அந்த ஒரு பையனுக்கு எந்தத் தாத்தா பெயர்? அப்பாவைப் பெற்றவர் சுடலைமுத்து, அம்மாவைப் பெற்றவர் கோமதிநாயகம் என்று வையுங்கள். முன்பு மூத்தவன் சுடலைமுத்து, இளையவன் கோமதிநாயகம், பிரச்சினை முடிந்தது. இப்போது சுடலைமுத்து என்று வைத்தால் பெண்வீட்டாருக்கு வருத்தம். அவர்களும் பெண்ணைப் படிக்கவைத்தவர்கள், பேறுகாலம் பார்த்தவர்கள், ஒரே பெண்ணை வைத்திருப்பவர்கள். கோமதிநாயகம் என்று வைத்தால் இந்தப் பக்கம் வருத்தம். இரண்டையும் சேர்த்து வைத்தால் பள்ளிக்கூட ஐ.டி. கார்டில் இடம் போதாது. கடைசியில் இரண்டு வீட்டாருக்கும் உறவில்லாத ஒரு பெயர் வந்து உட்கார்ந்துவிடும். ஆதவ், கிருத்திக், இனியன், ஏதோ ஒன்று. யார் மனமும் புண்படாது.

வெளியிலிருந்து பார்க்கும் அண்ணாச்சிக்கு இது தாத்தாவை மறந்ததுபோலத் தெரிகிறது. என் கணிப்பு வேறு. தாத்தாக்கள் இருவரையும் சமமாக மதித்ததால்தான் பல வீடுகளில் இருவர் பெயரும் விழுந்தது. பெண்வீட்டாரின் சொல்லுக்கு மதிப்பு கூடியதும் இதற்குள் இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

முன்னே போட்ட கணக்கை இப்போது மறுபடி போடுங்கள். அதே சுடலைமுத்து, அதே மூன்று மகன்கள். மூவருக்கும் ஆளுக்கு ஒரு பிள்ளை. ஒன்றோ இரண்டோ பையன்கள். அவர்களுக்கு எதிர்ப்பக்கத் தாத்தாவும் உண்டு. ஒரு பேரனுக்காவது பெயர் விழுந்தால் அதிர்ஷ்டம். முன்பு ஒன்று மூன்றாகிய இடத்தில் இப்போது ஒன்று பூஜ்யமாகிறது. சாமி நம்பிக்கையை இம்மியும் குறைக்காமலே இந்தக் கணக்கு இப்படித்தான் வரும்.

## இரண்டு பெயர் இருந்தது, ஒன்று ஆனது

இன்னொரு மாற்றம் காகிதத்தில் நடந்தது.

பழைய வீட்டில் பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்துவிடுவார்கள், ஆனால் மருமகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. “ஏல சுடல, இங்க வா” என்று பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டால் மாமனாரைக் கூப்பிட்டதாகிவிடும். அதனால் தம்பி, ராசா, துரை, அய்யா என்று ஒரு கூப்பிடும் பெயர் வந்தது. பல பேருக்கு இதுதான் சாகும்வரை வழங்கிய பெயர். தாத்தா பெயர் பதிவேட்டில், வழங்கும் பெயர் வீட்டில்.

அந்தப் பதிவேடும் அன்றைக்கு வீட்டைத் தாண்டி வெகுதூரம் போகாது. ஐந்து வயதில் கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு ஒன்றாம் வகுப்பில் சேரும்போதுதான் பெயர் முதன்முதலாக மையில் ஏறும். கூட வந்த தாத்தாவோ சித்தப்பாவோ சொன்னதை வாத்தியார் எழுதிக்கொள்வார். சில நேரம் “இந்தப் பேரு வேண்டாம்” என்று வாத்தியாரே மாற்றியும் எழுதிவிடுவார்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகப் பெருகப் பதிவும் பெருகியது. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுகள்வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட்வரை பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். எனவே பெயரைச் சீக்கிரம் முடிவுசெய்ய வேண்டும், ஒன்றே ஒன்றாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்புவதும் தாத்தா இல்லை, அப்பாவோ அம்மாவோ.

விளைவு, இரண்டு பெயர்களும் இடம் மாறிக்கொண்டன. முன்பு பதிவேட்டில் சுடலைமுத்து, வீட்டில் துரை. இப்போது சான்றிதழில் ஆதவ், வீட்டில் ஆச்சி மட்டும் “எங்க சொடல” என்று கொஞ்சுவாள். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது சாமி பெயரை ஒருமுறை சொல்லிவிடும் வீடுகள் நிறைய உண்டு. இந்தப் பெயருக்குப் பதிவேடு கிடையாது. பதிவேட்டில் இல்லாத பெயர் அடுத்த பேரனுக்குப் போய்ச் சேராது என்பதுதான் இதில் சிக்கல்.

## பக்கத்து வீட்டைப் பார்த்து வரும் பெயர்கள்

விதி போன இடத்தில் தேர்வு வந்தது. தேர்வின் குணமே வேறு. பழைய பெயர் அறுபது வருஷம் பின்னால் இருக்கும் தாத்தாவைப் பார்த்து வரும். புதுப்பெயர் பக்கத்து வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்து வரும். இது போலவே இருக்க வேண்டும், ஆனால் இதுவாக இருக்கக் கூடாது. ஆரவ் இருந்தால் ஆதவ், ஆதவ் இருந்தால் ஆத்விக். எல்லோரும் வித்தியாசமான பெயரைத் தேடி ஒரே ஓசையில் வந்து முட்டிக்கொள்வது இதனால்தான்.

தேர்ந்தெடுத்த பெயர்களுக்கு ஆயுளும் குறைவு. ரமேஷும் சுரேஷும் ஒரு காலத்தில் புதுசு, இன்றைக்கு மாமாக்களின் பெயர். அதற்கு முன்னால், மறைமலையடிகள் 1916இல் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கமும் பின்னால் வந்த திராவிட இயக்கமும் இளங்கோ, அன்பழகன், நெடுஞ்செழியன் என்று ஒரு தலைமுறையையே மாற்றிப் பெயரிட்டன. திருநெல்வேலிச் சீமையில் அதற்கும் முன்பே ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1799இல் முதலூர் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவானது. அடுத்த நூற்றாண்டில் பாளையங்கோட்டையையும் இடையன்குடியையும் சுற்றி ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மாடன், சுடலை, இசக்கி என்ற முன்பாதி போயிற்று, ஆனால் ஞானமுத்து, வேதமுத்து, தேவமுத்து என்று பின்பாதி அப்படியே தங்கியது. மதம் மாறியும் முத்துவை விட மனம் வரவில்லை போலும்.

நியூமராலஜியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பெயரைக் கொண்டுவரவில்லை, இருக்கிற பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிக் காசு வாங்கியது.

வெட்கம் என்ற காரணத்தையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். அது இருக்கிறது. வடக்கே வேலைக்குப் போனவரின் பெயரை அங்கே யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. சென்னைக் கல்லூரி விடுதியில் ‘சுடலை’ என்றால் கேலிக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அதையெல்லாம் பட்டவர்தான் இன்று அப்பா. மகனுக்கு அது வேண்டாம் என்று அவர் நினைத்தால் தப்பு சொல்ல முடியாது. ஆனால் வெட்கம் வேலைசெய்வது தேர்வு என்ற ஒன்று வந்த பிறகுதான். விதி இருந்த காலத்திலும் கேலி இருந்தது. கேலி செய்தார்கள் என்பதற்காகத் தாத்தா பெயரை யாரும் விட்டுவிடவில்லை.

ஆக: பிள்ளைகள் குறைந்ததால் விதி தளர்ந்தது, சான்றிதழ் ஒரே பெயரைக் கேட்டதால் தாத்தா பெயர் வீட்டுக்குள் ஒதுங்கியது, காலியான இடத்தைப் பக்கத்து வீட்டைப் பார்த்து வந்த பெயர்கள் பிடித்துக்கொண்டன. சினிமாவும் வெட்கமும் இந்தக் கடைசிப் படியில்தான் வருகின்றன.

## மூன்று தலைமுறையும் ஒரே தாளில்

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கோயில் கொடை நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மஞ்சளிலோ ரோஸிலோ அடித்திருப்பார்கள். மேலே சாமி படம், கால்நாட்டு, குடியழைப்பு, மதியக் கொடை, சாமக்கொடை என்று நிகழ்ச்சி நிரல், வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் யார் யார் என்ற விவரம். கீழே வரிதாரர்களும் நன்கொடையாளர்களும். அங்கே ‘அமரர் சுடலைமுத்து நினைவாக’ என்று ஒரு வரி. அடுத்து ‘சு. ராஜேஷ், சென்னை’. அதற்கும் அடுத்து, பணம் கொடுத்தவரின் மகனுக்கு மூன்று வயதுதான் என்றாலும், ‘ரா. ஆதவ்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். முதல் வரியில் முழுப் பெயராக இருந்த சுடலைமுத்து இரண்டாம் வரியில் ஒரு எழுத்தாகிறார், மூன்றாம் வரியில் அதுவும் இல்லை. சாமி மட்டும் மேலே அதே இடத்தில் இருக்கிறார். வெளியே நிற்கும் வேனின் முன்கண்ணாடியில் ‘சுடலை துணை’ என்றும் எழுதியிருக்கும். பிள்ளைக்கு வைக்காத பெயரை வண்டிக்கு வைக்க யாருக்கும் கூச்சமில்லை.

## திரும்பி வருமா?

பழைய பெயர்கள் திரும்பி வருவதுண்டு. மாறன், செழியன், ஆதன் என்று சங்ககால வாடையுள்ள பெயர்களை இன்றைய பெற்றோர் தேடிப்பிடித்து வைக்கிறார்கள். ஆனால் அப்படித் திரும்பும் பெயர்களைக் கவனித்தால் அவை குட்டையானவை, யாருடைய தாத்தாவையும் நினைவூட்டாதவை. சுடலைமுத்து இன்னும் தாத்தாவாகவே இருக்கிறார். அவர் பெயரை நேரில் அறிந்தவர்கள் இருக்கும்வரை அது ‘பழசு’. அறிந்தவர்கள் எல்லோரும் போன பிறகுதான் அது ‘பழமை’. ஆகவே உடனே எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். வந்தாலும் முத்து இல்லாமல் ‘சுடலை’ என்று தனியாக வரலாம், ‘மாடன்’ என்று வரலாம். அது நேர்ச்சையாக இருக்காது, தேர்வாக இருக்கும்.

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து இந்தப் பெயருக்கு ஆயுள் கிடைத்திருக்கிறது. தமிழருக்குக் குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பாலும் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் வரும். 2021இல் தமிழக அரசு, அரசு ஆவணங்களில் அந்த முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. எஸ். ராஜேஷ் சு. ராஜேஷ் ஆனார். ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. முன்னெழுத்தை வைத்து அதை நிரப்ப முடியாது. பலர் காலியாக விட்டார்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் இந்தச் சீமையில், கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்ற பாடம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அப்பா பெயரை முழுதாக எழுதினார்கள். ராஜேஷ் இப்போது ராஜேஷ் சுடலைமுத்து.

ஆபீசில் அவரை ‘மிஸ்டர் சுடலைமுத்து’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கச் சில மாதம் பிடித்திருக்கும். மகன் வெளிநாட்டில் பிறந்து, அங்கே குடும்பப்பெயர் ஒன்றே வழிவழியாக வர வேண்டும் என்று வைத்துவிட்டால், அவன் ஆதவ் சுடலைமுத்து, அவன் பிள்ளையும் ஏதோ ஒரு சுடலைமுத்து. தாத்தா விதி செய்துகொண்டிருந்த வேலையை அந்த ஊர்ப் பதிவாளர் அலுவலகம் செய்துகொண்டிருக்கும். உள்ளூரிலேயே இருக்கும் தம்பி வீட்டில் இது நடக்காது. அங்கே பையனுக்கு முன்னெழுத்து அவன் அப்பாவுடையது, தாத்தாவுடையது இல்லை.